கட்டைவிரல் வெளியே

அலுவலகத்தில் அவருக்கு ‘மோப்பம்’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். காதுக்கு எட்டியபோது கோபப்படுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். மனிதர் உள்ளுக்குள் குளிர்ந்துபோனார். காப்பீட்டு நிறுவனத்தில் அவருடைய வேலையே மோப்பம் பிடிப்பதுதான். அடிபட்டது, முடியவில்லை என்று நஷ்டஈடு கேட்பவர்களின் வலி நிஜமா நடிப்பா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இடுப்பு போய்விட்டதென்று படுத்தபடுக்கையாகக் கிடந்தவர் இரும்பு அலமாரியைத் தனியாளாக நகர்த்தியதைப் படம் பிடித்தவர் அவர். கழுத்துப்பட்டையோடு முனகிக்கொண்டு வந்த ஒருவர், பேருந்தைக் கண்டதும் பட்டையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியதையும் பிடித்திருக்கிறார். வாய் பொய் சொல்லும், முகமும் பொய் சொல்லும், ஆனால் கை மட்டும் அசந்த நேரத்தில் உண்மையை உளறிவிடும் என்பது அவர் கண்ட பாடம். அதனால் யாரைப் பார்த்தாலும் அவர் கண் முதலில் கைக்குத்தான் போகும். பெண் பார்க்கப் போன இடத்திலும் கையைத்தான் பார்த்தார் என்று அவர் மனைவி இன்றைக்கும் குத்திக்காட்டுவாள்.

அப்படிப்பட்டவரிடம்தான் கிட்டார்க்காரியின் விஷயம் வந்து சேர்ந்தது.

“கிட்டாருக்கு மட்டும் வர்ற வியாதியாம்யா!” என்று மேலாளர் வயிறு குலுங்கச் சிரித்தார். “தண்ணி ஊத்துறா, எழுதுறா, ஊசியில நூல் கோக்குறா. எல்லாத்துக்கும் கை நல்லாத்தான் இருக்கு. கிட்டாரை எடுத்து மடியில வச்சா மட்டும் நடுவிரலும் மோதிர விரலும் உள்ள மடங்கிக்குதாம். டாக்டருங்க முன்னாடி மடக்கிக் காட்டியிருக்கா. மடக்குறதுக்கு என்ன, இதோ நானும் மடக்குறேன். குடு எனக்கும் நஷ்டஈடு!”

அந்தப் பெண் பல வருஷம் மேடைகளில் கிட்டார் வாசித்தவள். கையை நம்பிப் பிழைப்பவர்களுக்கான காப்பீடு எடுத்திருந்தாள். வாசிப்பு நின்றதும் வருமானமும் நின்றது. நிறுவனம் கைவிரித்தால் அவளுக்கு வேறு போக்கில்லை. ஆனால் அதெல்லாம் மேலாளரின் கவலை இல்லை. அவள் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து வாசிக்கும்போது ஒரு படம் வேண்டும், அவ்வளவுதான். அவளோ இப்போது யார் கேட்டாலும் வாசித்துக் காட்ட மாட்டேன் என்கிறாளாம். ஆனால் வீட்டில் பாடம் எடுக்கிறாள். அப்படியானால் மாணவனாக ஒருவர் உள்ளே போனால் போயிற்று.

“நான் போறேன் சார்” என்று முந்திக்கொண்டான் ஒட்டடைக்குச்சி. நெடுநெடுவென்று வளர்ந்த இளம் துப்பறிவாளன் அவன். மேலாளர் அவனைக் கண்டுகொள்ளவில்லை. நிறுவனச் செலவில் கிட்டார் ஒன்று வாங்கி, மோப்பத்தின் கையில் திணித்தார்.

அவள் குடியிருந்தது ஒரு சலவைக்கடையின் மாடியில். படியேறும்போதே கீழிருந்து இஸ்திரி ஆவி முழங்கால்வரை கூட வரும். ஒரு மேஜை, மூன்று நாற்காலி, இடது காலைத் தூக்கி வைக்க ஒரு குட்டி முக்காலி. மூலையில் உறை போட்டுச் சார்த்திய ஒரு கிட்டார்.

“அது என்னங்க டீச்சர், மூடியே வச்சிருக்கீங்க?” என்று முதல் நாளே கேட்டார்.

“ரிப்பேர்” என்றாள் அவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

ரிப்பேரான கிட்டாரின் உறையில் தூசி இல்லை. மோப்பம் மனதில் குறித்துக்கொண்டார்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. “வலது கை நகத்தை வளருங்க சார், தந்தியை மீட்ட அது வேணும். இடது கையில ஒட்ட வெட்டிடுங்க” என்று அவருக்குச் சொன்னவளின் கையில் எல்லாம் தலைகீழாக இருந்தது. வலது கையில் நகமே இல்லை. இடது கையில் அழகாக வளர்த்து, வழவழவென்று தேய்த்து வைத்திருந்தாள். பார்த்தீர்களா, வாசிக்கிற கையில் நகம் இருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று சாட்சியை வெட்டி எறிந்துவிட்டாள். பெண்பிள்ளை அல்லவா, ஆசைக்கு மற்ற கையில் வைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டினார். முடிவு கட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

பாடம் அவர் நினைத்ததுபோல் இல்லை. பாட்டு இல்லை, சுருதி இல்லை, இடது கைக்கு வேலையே இல்லை. வலது கை மட்டும்தான். மேலே உள்ள மூன்று தடித்த தந்திகள் கட்டைவிரலுக்கு; கீழே உள்ள மெல்லிய மூன்றும் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலுக்கு. சுண்டுவிரல் சும்மா கூட வரும்.

“இழுக்காதீங்க சார். முதல்ல விரல் தந்தி மேல வந்து உக்காரணும். உக்காந்தப்புறம் உள்ளங்கைப் பக்கமா தள்ளணும். இங்கிருந்து” என்று அவருடைய விரல் கையோடு சேரும் மூட்டைத் தொட்டுக் காட்டுவாள். “கட்டைவிரல் வெளியே. பாருங்க, திரும்ப உள்ள போயிடுச்சு. வெளியே.”

அவருடைய கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். அவள் தினமும் அதை வெளியே எடுத்து விடுவாள். பிறர் கையைக் காலமெல்லாம் உளவு பார்த்த மனிதருக்குத் தன் கையே சொன்னபடி கேட்காதது பெரிய அவமானமாக இருந்தது.

“நீங்க ஒரு தடவை வாசிச்சுக் காட்டினா பிடிச்சுக்குவேன் டீச்சர்” என்று தூண்டில் போடுவார். சட்டைப் பையில் போன் இருக்கும், லென்ஸ் எட்டிப் பார்க்கும்படி.

“பாத்துக் கத்துக்கிற விஷயம் இல்ல சார்” என்று ஒரே வெட்டாக வெட்டிவிடுவாள்.

ஆனால் ஒரு நாள் மாட்டினாள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடு, மோதிரம், மறுபடி நடு, ஆள்காட்டி என்ற வரிசை அவருக்கு வரவேயில்லை. அவர் திக்கித் திணறுவதைப் பொறுக்க முடியாமல் அவள் மேஜை விளிம்பில் வலது கையை வைத்து, “இப்படி சார், இப்படி!” என்று தட்டிக் காட்டினாள். அடேயப்பா! கூரையில் மழை பிடித்துக்கொண்டதுபோல் விரல்கள் பொழிந்தன. ஒரு விரல் மடங்கவில்லை. ஒன்று பின்தங்கவில்லை. பையில் போன் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்தது.

மேலாளர் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். “திருட்டுக் கை! ஆட்டம் பாரு! ஆனா மேஜைக்கும் கிட்டாருக்கும் வித்தியாசம் இருக்குன்னு வக்கீல் வாதாடுவான். தந்தி மேல ஒண்ணே ஒண்ணு எடுத்துட்டு வந்துடு, கதையை முடிச்சுடலாம்.”

மோப்பத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. சந்தேகம் வராமல் இருக்க வீட்டிலும் பழகினார். முதலில் கடமைக்கு. பிறகு சாப்பாட்டு மேஜையில், பேருந்துக் கம்பியில், தொடையில், எங்கேயும் விரல்கள் தாமாக ஆறு தட்டுத் தட்டத் தொடங்கின. ஒரு ஞாயிற்றுக்கிழமை தந்தியும் விரலும் ஒன்றாகப் பேசி, ஒரு சுற்று முழுசாக, உடையாமல் வந்தது. யாருக்கும் தெரியாமல் சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பில் வேலை எதுவும் கலந்திருக்கவில்லை. அது அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

அவர் வலது கை நகங்களைத் தேய்ந்த உப்புத்தாளால் வழவழப்பாக்கிக்கொண்டிருந்ததை மனைவி நிலைப்படியில் நின்று பார்த்தாள்.

“யாருக்காம் இந்த அலங்காரம்?”

“ஆபீஸ் வேலை.”

“எந்த ஆபீஸ்ல நகத்தை மினுக்கிட்டு வரச் சொல்றாங்க? அதுவும் ஒரு கைக்கு மட்டும்?”

“சொல்ல முடியாதும்மா. ரகசியம்.”

“எனக்கும் அதான் தோணுச்சு, ரகசியம்னு” என்றாள் அவள். “அந்த டீச்சருக்கு என்ன வயசு?”

ஊரையெல்லாம் சந்தேகப்படுகிறவனை வீட்டிலேயே சந்தேகப்பட்டால் அவன் என்ன பதில் சொல்வான்? உப்புத்தாளைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அன்று குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

அடுத்த பாடத்துக்கு அவர் சற்று முன்னதாகவே போய்விட்டார். படியேறும்போது மேலே கிட்டார்ச் சத்தம். நின்றுவிட்டார்.

“மேல யாரோ புதுசா கத்துக்கிறாங்க போல” என்றார் சலவைக்கடைக்காரர், இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து. “தினமும் இதே டொங்கு டொங்குதான். கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு.”

“நீங்க ஒருத்தர்தான் சார் இப்ப என்கிட்ட படிக்கிறது” என்று அவள் சொல்லியிருந்தாள். அப்படியானால் மேலே யார்? எதற்காக மறைக்கிறாள்? அவருக்கு மூக்கு விடைத்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனைபோல ஏறினார். ஆவிப் புழுக்கத்துக்காகக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது.

உள்ளே வேறு யாரும் இல்லை. அவள் மட்டும், கதவுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தாள். உறைக்குள் இருந்த கிட்டார் மடியில் இருந்தது, ஆனால் இடம் வலம் மாறி. தந்திகளையும் மாற்றிக் கட்டியிருந்தாள். இடது கையால் மீட்டிக்கொண்டிருந்தாள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடு, மோதிரம். அவருக்குக் கொடுத்த அதே பாடம். அவரைப்போலவே திக்கினாள், அவரைப்போலவே அவளுடைய கட்டைவிரலும் மற்ற விரல்களுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. வளர்த்த நகங்கள் அந்தக் கையில் ஏன் இருந்தன என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

பிறகு அவள் அதை இறக்கி வைத்துவிட்டுச் சுவரோரம் பாடத்துக்கென்று வைத்திருந்த இன்னொரு கிட்டாரை எடுத்து, வலது கையைத் தந்திமேல் கொண்டுபோனாள். முதல் சுற்று ஒழுங்காகத் தொடங்கியது. இரண்டாவதில் மோதிர விரல் தந்தியை விட்டு உள்ளங்கைக்குள் சுருண்டது. அதன் பின்னாலேயே நடுவிரலும். தொட்டாற்சிணுங்கி மாதிரி. அவள் கையை உதறினாள். மறுபடி வைத்தாள். மறுபடி சுருண்டது. “வா… வாயேன்…” என்று அந்த விரல்களிடம் கெஞ்சினாள். கடைசியில் அந்தக் கையைத் தூக்கித் தொடையில் ஓங்கி அடித்தாள். அழவில்லை. திரும்ப இடது கைக் கிட்டாரை எடுத்து வைத்துக்கொண்டாள்.

பார்க்க ஆளில்லாத இடத்தில் யாரும் நடிக்க மாட்டார்கள். அவருடைய தொழிலே அந்த ஒரு நம்பிக்கையில்தான் நடக்கிறது. அவருக்கு வெட்கமாக இருந்தது. படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகுதான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். போன் இருந்தது. அதை அவர் இயக்கவேயில்லை.

“எடுக்கலையா?” மேலாளர் நம்பாமல் பார்த்தார். “உனக்கா மறந்துச்சு? உனக்கா?”

“கண்ணால பாத்தேன் சார். விரல் நிஜமாவே மடங்குது. அவங்க பொய் சொல்லலை.”

“மேஜையில மட்டும் மடங்கலையே?”

“அதான் சார் அந்த வியாதி. தந்தியைத் தொட்டா மட்டும்…”

மேலாளர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மேஜைமேல் தாளம் தட்டிக்கொண்டிருந்த மோப்பத்தின் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வளர்ந்து, வளைவாகச் சீவி, மினுமினுத்த நகங்கள்.

“என்னய்யா இது?”

மோப்பம் கையை மேஜைக்கடியில் இழுத்துக்கொண்டார். இழுத்திருக்கக் கூடாது. கையை மறைப்பவனைப் பற்றி அவரே எத்தனை பேருக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்!

“சரிதான்” என்றார் மேலாளர். “உளவு பாக்கப் போன ஆளு சிஷ்யனாயிட்டாரு. ஒத்தைக்கை மினுக்கு! அவ உன்னை எப்படி வளைச்சான்னு நான் கேக்கல. இந்தக் கேஸ்ல இனிமே நீ இல்ல.” மேஜையில் விரல்கள் ஆடிய படம் அவரிடம் பத்திரமாக இருந்தது. அது ஒன்றே போதும், அவளை ஏமாற்றுக்காரி என்று முத்திரை குத்த. எடுத்துக் கொடுத்தவர் மோப்பம்தான்.

வழக்கு கைவிட்டுப் போனது. பாடத்தை அவர் விடவில்லை. போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் படியேறுவார். முக்காலியில் கால் வைத்ததும் வாய் கட்டிக்கொள்ளும். படம் நான்தான் எடுத்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

அப்படி ஒரு நாள் அவர் உள்ளே நுழைந்தபோது இன்னொரு நாற்காலியில், புது கிட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, முழங்கால் மோவாயைத் தொட ஒட்டடைக்குச்சி உட்கார்ந்திருந்தான்.

“புது மாணவர் சார்” என்றாள் அவள்.

“வணக்கம்” என்றான் ஒட்டடைக்குச்சி, முன்பின் பார்க்காதவனைப்போல.

“வணக்கம்” என்றார் மோப்பம், அதே மாதிரி. அவன் சட்டைப் பையைப் பார்த்தார். லென்ஸ் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இடம்கூட அவர் சொல்லிக்கொடுத்ததுதான்.

கட்டைவிரலில் பாடம் தொடங்கியது. கொஞ்ச நேரம் கிட்டாரைப் படாதபாடு படுத்திவிட்டு, ஒட்டடைக்குச்சி தூண்டிலைப் போட்டான். “டீச்சர், நீங்க ஒரு தடவை வாசிச்சுக் காட்டினா நான் பிடிச்சுக்குவேன்.” வார்த்தை மாறாமல் அவருடைய தூண்டில்.

“பாத்துக் கத்துக்கிற விஷயம் இல்ல” என்றாள் அவள், வழக்கம்போல.

மோப்பம் கணக்குப் போட்டுப் பார்த்தார். பையில் போன் இருக்கிறது என்று அவளை எச்சரித்தால், பிறகு அவள் என்ன வாசித்தாலும் அது தெரிந்து செய்த நடிப்பு என்றாகிவிடும். எச்சரிக்காமல் வாசிக்கச் சொன்னால், அவளுடைய மிகப் பெரிய அவமானத்தை மறுபடி ஒரு முறை திருடியதாகும். ஆனால் தெரியாமல் எடுத்த படத்தைத் தவிர வேறு எதையும் அந்த அலுவலகம் நம்பாது. மேஜைப் படம் அவளைத் தெருவில் நிறுத்திவிடும். நிறுத்தப்போகிறவர் அவர்தான்.

“காட்டுங்க டீச்சர்” என்றார். அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். “எப்படி வருதோ அப்படியே காட்டுங்க. தப்பா வந்தா வரட்டும்.”

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு ஒட்டடைக்குச்சியின் கிட்டாருக்காகக் கையை நீட்டினாள்.

மோப்பம் எழுந்து அவளுடைய நாற்காலியைப் பிடித்தார். “கொஞ்சம் அவர் பக்கமா திரும்பி உக்காருங்க டீச்சர். ஜன்னல் வெளிச்சம் கையில விழும்.”

முதல் சுற்று ஒழுங்காக வந்தது. ஒட்டடைக்குச்சியின் கண்கள் பளிச்சென்று மின்னின. இரண்டாவது சுற்றில் மோதிர விரல் சுருண்டது, நடுவிரல் சுருண்டது. அவள் நிறுத்தவில்லை. சுருண்ட விரல்களோடு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் தடவித் தடவி மீதியை முடிக்கப் பார்த்தன. தந்தி ஒன்று அசிங்கமாக அதிர்ந்து அடங்கியது. மடங்கிய விரல்களின் நகக்கண்கள் வெளுத்துப்போயிருந்தன. அவற்றை விரிக்க அவள் இடது கையால் ஒவ்வொன்றாகப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. ஒட்டடைக்குச்சியும் கையைப் பார்க்கப் பழகியவன்தான். அவன் முகம் இறங்கிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு தன் கிட்டாரை வாங்கிக்கொண்டான்.

வழியனுப்புகிற சாக்கில் மோப்பம் படிவரை போனார். “நான் எடுத்ததை அப்படியே குடுத்துடறேன் அண்ணே” என்றான் அவன் தணிந்த குரலில். “இதைப் போய் யாரு நடிப்பாங்க?” குனிந்து ஆவிக்குள் இறங்கிப் போனான்.

அவர் திரும்பி வந்தபோது அவள் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“உங்க ஆபீஸ்காரர்தானே?” என்றாள்.

“எப்ப… எப்படித் தெரியும்?”

“ரெண்டு பேரும் ஒரே பையில, ஒரே மாதிரி போனை வைக்கிறீங்க. நீங்க வந்த முதல் நாளே தெரியும். கிட்டார் கத்துக்க வர்றவங்க, எப்ப பாட்டு வாசிக்கலாம்னு உயிரை எடுப்பாங்க. நீங்க ஒரு தடவைகூடக் கேக்கல. என் கையையே பாத்துட்டு இருந்தீங்க.”

“தெரிஞ்சேவா சொல்லிக் குடுத்தீங்க?”

“வேவு பாக்க வர்ற ஆள் வீட்டுல பழகிட்டு வருவாரா? நீங்க வந்தீங்க. எனக்கே குழப்பமாப் போச்சு.” துணியை உதறி மடித்தாள். “டாக்டருங்க முன்னாடி வாசிச்சப்ப ஒருத்தர் சிரிச்சாரு. அதுக்கப்புறம் யார் முன்னாடியும் வாசிக்க மாட்டேன்னு இருந்தேன். இன்னிக்குத்தான் நீங்க முதல் தடவையா கையைப் பாக்காம மூஞ்சியைப் பாத்துக் கேட்டீங்க.”

அவள் மேஜையில் தட்டியதைப் படம் எடுத்தது தான்தான் என்று அவர் எப்படியோ சொல்லி முடித்தார். அவளுக்குக் கோபம் வந்தது, முகத்தில் நன்றாகத் தெரிந்தது. அவர் அதைத் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார்.

“இன்னிக்கு அவர் பையில போன் இருக்குன்னு எனக்குத் தெரியும்” என்றாள் கடைசியில். “தெரிஞ்சுதான் வாசிச்சேன். இப்ப சொல்லுங்க, நீங்க என்னை நம்புறீங்களா? இல்ல, அதையும் கணக்குல வச்சுச் சந்தேகப்படுவீங்களா?”

பழைய பழக்கம் ஒரு நொடி மூக்கை நீட்டத்தான் செய்தது. மோப்பம் அதை விரட்டினார். மூலைக்குப் போய், தூசி இல்லாத அந்த உறையைக் கழற்றி, இடம் மாற்றித் தந்தி கட்டிய கிட்டாரை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தார். அவள் திடுக்கிட்டாள். அவர் தன் கிட்டாரோடு எதிரே உட்கார்ந்து, முக்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

“கதவு அன்னிக்கு ஒருக்களிச்சுத் திறந்திருந்துச்சு” என்றார். “ஆரம்பிங்க டீச்சர். நானும் கூட வர்றேன்.”

அவள் இடது கையைத் தந்திமேல் வைத்தாள். அவர் எட்டிப் பார்த்தார்.

“கட்டைவிரல் உள்ள போகுது” என்றார். “வெளியே.”

அவள் அதை வெளியே எடுத்தாள்.